குளியல் தண்ணீரும் கடைசி ரயிலும்: ஜப்பானில் படிக்கப் போகிறவர் எங்கே தங்குவது?

ஜப்பானில் மொழிப் படிப்புக்கு இடம் கிடைத்தவுடன் எல்லோரும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். தங்குவது எங்கே, ஜப்பானியக் குடும்பத்தோடா அல்லது மாணவர் விடுதியிலா? விடுமுறையில் ஊர் சுற்ற எந்த ரயில் பாஸ் நல்லது? நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் கேள்விக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டதோடு சரி. இரண்டாவதற்கு இரவெல்லாம் ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே போய் இரண்டு மாதம் ஆன பிறகுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று தெரிந்தது. எந்த வீட்டில் படுக்கிறோமோ அந்த வீடுதான் நாம் எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கியோட்டோவின் தெற்குப் பகுதியான ஃபுஷிமியில் ஒரு குடும்பத்தோடு இருந்தேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை விடுதி. வகுப்பு, கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் இருக்கும் ஹிரகாட்டாவில். அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓராண்டு இருப்பவர் முதல் பாதியைக் குடும்பத்தோடும் மறுபாதியை விடுதியிலும் கழிக்கட்டும். ஏன் அந்த வரிசை என்பதைச் சொல்ல ஒரு குளியலறையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜப்பானிய வீட்டில் சோப்புப் போட்டுக் குளிப்பது தொட்டிக்கு வெளியே. உடம்பு சுத்தமான பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கிக் கழுத்தளவு உட்காருவார்கள். அதே தண்ணீரில் வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஒருவர் எழுந்ததும் சூடு ஆறாமல் மூடியைப் போட்டுவிடுவார். நாம் குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அடுத்தவருக்குக் குளியல் இல்லை. இதெல்லாம் எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லாதது வரிசை. எங்கள் வீட்டில் முதலில் குளிக்க வேண்டியவர் விருந்தாளி. ஆறு மாதம் தங்கப்போகிறவனை அவர்கள் முதல் வாரத்தோடு விருந்தாளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹிமேஜிக் கோட்டைக்குப் போனேன். கியோட்டோவிலிருந்து ‘ஷின்கைசோகு’ என்ற விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். அதற்குத் தனி விரைவுக் கட்டணம் கிடையாது. 1993இல் உலக மரபுச் சின்னமான கோட்டை, வெள்ளைச் சுவரும் அடுக்கடுக்கான கூரையும் செங்குத்தான மரப்படிகளுமாக நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது. திரும்பும் வழியில் வகுப்புத் தோழர்களோடு ஒசாகாவில் இறங்கிச் சாப்பிட்டேன். “இரவு உணவு வேண்டாம், தாமதமாகும்” என்று எட்டு மணிக்கு லைன் செயலியில் செய்தி அனுப்பினேன். பொறுப்பாக நடந்துகொண்டுவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

வீட்டை அடைந்தபோது மணி பத்தே முக்கால். கூடத்தில் விளக்கு எரிந்தது. வழக்கமாக ஒன்பது மணிக்குப் படுத்துவிடும் தாத்தா, தோளில் துண்டோடு, சத்தத்தை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒகாயேரி”, வந்துவிட்டாயா, என்றார் ஒகாசான், அதாவது அந்த வீட்டு அம்மா. பிறகு, “குளியல் தயார், போங்கள்” என்றார். தொட்டி மூடியைத் தூக்கினேன். யாரும் இறங்காத தண்ணீர். மூடியின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் கலையாமல் வரிசையாக நின்றன. நான்கு பேர் எனக்காகக் குளிக்காமல் இருந்திருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜப்பானில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் நிறையச் சொல்லியாகிவிட்டது என்று பொருள்.

மறுநாள் காலை ஒகாசானிடம், “இனி நான் கடைசியாகக் குளிக்கிறேன், அம்மா” என்றேன். “அகான், அகான்” என்று சிரித்தார். பாடப்புத்தகத்தில் ‘கூடாது’ என்பதற்கு ‘தமே’ என்றுதான் இருக்கும். கியோட்டோ, ஒசாகா அடங்கிய கான்சாய் வட்டாரத்தில் ‘அகான்’. அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது: எட்டு மணிக்குள் நான் வராவிட்டால் தாத்தா முதலில். குளிர்பதனப் பெட்டிக் கதவில் தொங்கிய வெள்ளைப் பலகையில் என் பெயருக்குக் கீழே ‘சோறு’, ‘குளியல்’ என்று இரண்டு கட்டங்கள் வரைந்தார். தினமும் காலையில் வட்டமோ பெருக்கல் குறியோ போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நான் பேசிய ஜப்பானியம் வகுப்பில் ஒரு மாதம் பேசியதைவிட அதிகம். எனக்குத் தேவை இருந்தது, அவருக்குப் பொறுமை இருந்தது.

இதுதான் குடும்பத்தின் விலையும் வரவும். விடுதியில் எத்தனை மணிக்கு வந்தாலும் யாருக்கும் துண்டு தோளில் காயாது. ஆனால் எத்தனை மணிக்கு வந்தாலும் “ஒகாயேரி” என்று சொல்லவும் ஆள் இல்லை.

மொழி விஷயத்தில் ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழருக்கு ஜப்பானிய வாக்கியம் சீக்கிரம் பிடிபடும். “நான் நேற்று நாராவுக்குப் போனேன்” என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே மாற்றி வைத்தாலே “வதாஷி வா கினோ நாரா நி இகிமாஷிதா” என்று வாக்கியம் வந்துவிடும். வாயைத் திறக்கத்தான் ஆள் வேண்டும். சென்னையில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5, என்4 என்ற தொடக்க நிலைகளைத் தேறிவிட்டுப் போகிறவர்களுக்குப் படிக்கத் தெரியும். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் காது அடைத்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த அடைப்பு தானாக விடும். விடுதியில் என் மாடியில் பாதிப் பேர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். இரவுச் சமையலறையில் பேச்சு இந்தியில். ஜப்பானுக்குப் போய் இந்தி கற்றுக்கொண்டு திரும்பிய தமிழன் என்று வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

குடும்பத்தோடு இருந்தால் ஊர் சுற்ற முடியாது என்று நினைப்பது தவறு. வேறு மாதிரி சுற்றலாம். ஹோம்ஸ்டே வீடுகள் பெரும்பாலும் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்காது. ஒரு மணி நேரப் பயணம்கூடச் சாதாரணம். முதல் வாரம் அதற்காக நொந்துகொள்வோம். ஆனால் அந்தத் தூரத்துக்கு வாங்கும் ‘தெய்கி’ என்ற மாதப் பயணச்சீட்டு, நடுவில் இருக்கும் எல்லா நிலையங்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏற அனுமதிக்கும், சனி ஞாயிறு உட்பட. என் சீட்டு கெய்ஹான் தடத்தில் சுமிசோமே நிலையத்திலிருந்து ஹிரகாட்டா வரை. நடுவில் சுஷோஜிமா, அதைச் சுற்றித்தான் ஃபுஷிமியின் சாக்கே என்ற அரிசி மது தயாரிக்கும் ஆலைகள். நடுவிலேயே இவாஷிமிசு ஹச்சிமான்கூ ஆலயம். இந்தக் குன்றுப் பகுதி மூங்கிலைத்தான் எடிசன் 1880 வாக்கில் தன் மின்விளக்கின் இழைக்குப் பயன்படுத்தினார். ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது. சுஷோஜிமாவில் தனிச் சீட்டு எடுத்துக் கிளைத் தடத்தில் மாறினால் கால் மணி நேரத்தில் ஊஜி. பத்து யென் நாணயத்தில் இருக்கும் பியோதோயின் மண்டபம் அங்கேதான். 1053இல் கட்டியது. எல்லாமே பிற்பகல் வகுப்பு முடிந்து போய் இரவு உணவுக்கு முன்னால் திரும்பக்கூடிய தூரம்.

இந்தச் சின்னப் பயணங்களில் ஒரு லாபம் உண்டு. வீட்டார் வழி சொல்வார்கள். ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் சிவப்புத் தோரண வாயில்களைப் பார்க்க வேண்டுமா, காலை ஆறு மணிக்குப் போ, பத்து மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பாய் என்று தாத்தா சொன்னார். நாராவுக்குப் பாட்டியே கூட வந்தார். தோதைஜி ஆலயத்தின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த போதிசேனர் என்ற துறவி. நான் சொல்லிப் பெருமைப்படலாம் என்று காத்திருந்த செய்தியைப் பாட்டி ரயிலிலேயே சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கையில் வைத்தார். ஒசாகா, கியோட்டோப் பக்கத்துப் பாட்டிகளின் பையில் மிட்டாய் தீர்வதே இல்லை.

தொலைதூரப் பயணம் என்றால் கதை மாறுகிறது. இங்கே விடுதிக்குத்தான் வெற்றி. அதற்கு ரயில் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில், ஊரில் எல்லோரும் சொல்லும் ஜேஆர் பாஸை, அதாவது ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் வண்டிகளில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் சுற்றும் சீட்டை, மறந்துவிடுங்கள். அது குறுகிய கால வருகையாளர் என்ற அனுமதியில் வருகிறவர்களுக்கு. மாணவர் விசாவில் வசிப்பிட அட்டை வாங்கிவிட்டால் நமக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் பட்ஜெட் போட்டு வந்தவர்கள் எங்கள் வகுப்பில் மூன்று பேர். மூன்று, நான்கு வாரப் படிப்புக்குக் குறுகிய கால விசாவில் வருகிறவர்கள் வாங்கலாம். ஆனால் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. ஒரே வாரத்தில் கியோட்டோவிலிருந்து டோக்கியோ போய்வந்து, ஹிரோஷிமாவும் போய்வந்தால்தான் போட்ட பணம் தேறும். ஒரு மாதமே இருக்கிறவர் அதில் ஒரு வாரத்தை ரயிலிலேயே கழித்தால், தங்க இடம் கொடுத்த குடும்பம் அவர் முகத்தை எப்போது பார்ப்பது?

மாணவருக்கு உதவுவது மூன்று வழிகள். ஒன்று ‘ககுவாரி’. ஒரு வழித் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் ஜேஆர் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. பள்ளி அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பள்ளி தரும் சான்றிதழைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். கியோட்டோவிலிருந்து ஹிமேஜி 130 கிலோமீட்டர், ஆகவே தேறும். நாரா தேறாது.

இரண்டாவது இரவு பஸ். கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். புல்லட் ரயிலில் 14,000 யென்னும் இரண்டே கால் மணி நேரமும் ஆகிற தூரம். பஸ்ஸில் நாளைப் பொறுத்து அதில் பாதிக்கும் கீழே போகலாம். காலை ஆறு மணிக்கு ஷிஞ்ஜுகுவில் இறக்கிவிடுவார்கள். எந்தக் கடையும் திறந்திருக்காது, கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. இருபத்து மூன்று வயதில் அது சாகசம். முப்பதைத் தாண்டியவர்கள் ரயிலுக்கே காசு சேர்க்கலாம்.

மூன்றாவது ‘செய்ஷுன் ஜூஹாச்சி கிப்பு’. பெயரில் பதினெட்டு என்று இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். ஜேஆரின் சாதாரண, விரைவு வண்டிகளில் நாள் முழுவதும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். புல்லட் ரயிலில் ஏற முடியாது. நான் இருந்தபோது 12,050 யென்னுக்கு ஐந்து நாள், எந்த ஐந்து நாள் வேண்டுமானாலும், ஒரே சீட்டை நண்பர்களோடு பங்கிட்டுக்கொள்ளவும் செய்யலாம். 2024 மார்ச்சில் ஒரு நாளை எடுத்துக் கியோட்டோவிலிருந்து டோக்கியோ போனேன். மைபரா, ஹமமட்சு, அத்தாமி என்று வண்டி மாறி மாறி ஒன்பது மணி நேரம். பள்ளிப் பிள்ளைகள் ஏறி, தூங்கி, இறங்கி, அடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஏறினார்கள். ஷிசுவோகா மாகாணம் முடியவே முடியாது என்று ஜப்பானியர்களே அலுத்துக்கொள்வார்கள், உண்மைதான்.

2024 குளிர்காலத்திலிருந்து இந்தச் சீட்டின் விதி மாறிவிட்டது. மூன்று நாள் 10,000 யென், ஐந்து நாள் 12,050 யென். ஆனால் நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். நம் கேள்விக்கு இது முக்கியமான மாற்றம். முன்பு குடும்பத்தோடு இருப்பவர் ஐந்து தனித்தனி நாட்களாகப் பிரித்து ஒருநாள் பயணங்களுக்கு வைத்துக்கொள்வார். இப்போது வாங்கினால் மூன்று அல்லது ஐந்து நாள் ஒரேயடியாக வெளியே இருந்தாக வேண்டும். வெள்ளைப் பலகையில் ஐந்து பெருக்கல் குறிகளை வரிசையாகப் போட்டுவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். ஒகாசான் தடுக்க மாட்டார். அன்று இரவே மூன்று முறை செய்தி அனுப்புவார்: மழை வருமாம், குடை இருக்கிறதா?

பணக் கணக்கு. குடும்பத்துக்கு நான் கட்டியது மாதம் 95,000 யென், காலை உணவும் இரவு உணவும் சேர்த்து. விடுதிக்கு 42,000, சொந்தச் சமையலுக்கு 30,000 ஆனது. வித்தியாசம் இருபதாயிரத்துச் சொச்சம். ஒரு மாதத்துக்கு ஒரு டோக்கியோ பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. குடும்பத்தோடு இருப்பவர் எங்கே போனாலும் ‘ஒமியாகே’ வாங்கி வர வேண்டும், அந்தந்த ஊர் இனிப்புப் பெட்டி. ஹிரோஷிமா என்றால் மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்சு, இசே என்றால் அகாஃபுகு. ஆயிரம் யென் அளவில் ஆகும். கட்டாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்ததும்தான் “எங்கே போனாய், என்ன பார்த்தாய்” என்று பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சுக்கு ஆயிரம் யென் மலிவு. விடுதியில் பயணம் முடிந்து வந்தால் அழுக்குத் துணிதான் காத்திருக்கும்.

பகுதிநேர வேலை செய்துதான் படிக்க வேண்டும் என்ற நிலை இருப்பவருக்குத் தயக்கமே வேண்டாம், விடுதிதான். அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். மொழி அரைகுறையாகத் தெரிந்தவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரவுநேரக் கடை வேலைகள். பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவரால் எந்தக் குடும்பத்தின் சோற்று நேரத்துக்கும் ஒத்துவர முடியாது. தனி அடுக்ககம் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முன்பணம், திரும்ப வராத ‘ரெய்கின்’ என்ற நன்றிப்பணம், ஜப்பானிய உத்தரவாதி, வெளிநாட்டவருக்குத் தர மாட்டோம் என்று சொல்லும் வீட்டுக்காரர். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள். பலர் பகிர்ந்து வசிக்கும் ஷேர்ஹவுஸ் இவற்றில் பலவற்றைக் கேட்காது. விடுதியில் இடம் இல்லாதபோது அது போதும்.

பள்ளி வயதில் ஏஎஃப்எஸ் போன்ற பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. அங்கே குடும்பங்கள் பணம் வாங்காமல் தங்க வைக்கின்றன. தனியாக வெளியூர் போக நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

ஏன் முதலில் குடும்பம், பிறகு விடுதி? முதல் ஆறு மாதத்தில் நமக்கு மொழி வராது. மொழி வராமல் தொலைதூரம் போனால் பார்க்கிற எல்லாமே படம் பிடிக்கும் பொருளாக நின்றுவிடும். அக்டோபருக்குப் பிறகு நான் தனியாகப் போன பயணங்களில் பக்கத்து இருக்கைக்காரர் பேசியது புரிந்தது. அதுவும் ஃபுஷிமித் தாத்தாவின் உச்சரிப்பில் நான் பதில் சொன்னதைக் கேட்டு டோக்கியோக்காரர்கள் சிரித்தார்கள். விடுதிக்கு மாறினால் குடும்பம் கைவிட்டுப் போகாது. டிசம்பர் 31 அன்று விடுதியில் நான் மட்டும் தனியாக இருந்தேன். கடைகள் அடைத்திருந்தன. ஒகாசான் அழைத்தார். நள்ளிரவுக்கு முன் ஆண்டுமுடிவுக்கான ‘சோபா’ நூடுல்ஸ், காலையில் வெள்ளை மீசோ என்ற சோயா விழுதுச் சாற்றில் உருண்டை மோச்சி, அதாவது இடித்த அரிசிக் கட்டி, போட்ட கியோட்டோவின் புத்தாண்டுச் சூப் ‘ஒசோனி’. குளியலறையில் வழக்கம்போல் எனக்கு முதல் இடம். தாத்தா துண்டோடு நின்றார். இந்த முறை நான்தான் அகான் என்றேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. விடுதியில் தங்கிக்கொண்டு, பல்கலைக்கழகமோ நகராட்சியின் சர்வதேச நட்புறவுச் சங்கமோ ஏற்பாடு செய்யும் வாரக்கடைசி வீட்டு வருகையில் சேர்வது. இருமனதாக இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் இரண்டு நாள் வருகிறவரிடம் வீட்டார் விருந்தோம்பல் முகத்தை மட்டும்தான் காட்டுவார்கள்.

கடைசியாக உணவு. இதில்தான் நம்மவர் அதிகம் அடிபடுகிறார்கள். முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவருக்குக் குடும்பத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. சுத்த சைவத்துக்கு எதிரி கண்ணில் தெரியும் மீன் துண்டு இல்லை, ‘தாஷி’. மீசோ சூப், காய்கறிக் கூட்டு, சோபா எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த போனிட்டோ மீன் சீவலை ஊறவைத்த அந்தச் சாறு இருக்கும். படிவத்தில் “மீன் சாப்பிடுவதில்லை” என்று எழுதினால் மீனை எடுத்துவிட்டு அதே சாற்றில் முள்ளங்கியை வேகவைத்துப் பரிமாறுவார்கள், முழு மனதோடு. கும்பகோணத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி விவரமானவர். “கட்சுவோ தாஷி கூடாது, கொம்பு தாஷி ஆகும்” என்று எழுதியிருந்தார். கட்சுவோ என்பது அந்தப் போனிட்டோ மீன், கொம்பு என்பது கடற்பாசி. அவருடைய ஒகாசான் ஒரு கட்டு கொம்பு வாங்கி வைத்துவிட்டார், ஆறு மாதமும் பிரச்சினை வரவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல, துறவிகளின் சைவச் சமையல் கிடைக்கும் கோயாசான் மலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஆலயத்திலேயே ஓர் இரவு தங்கி வந்தார். எங்கள் வகுப்பிலேயே சிறந்த பயணம் அதுதான் என்பேன். விடுதியில் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் பொதுச் சமையலறையில் கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். அடித்தது. இரண்டு முறை.

ஆகவே குடும்பம் என்று முடிவு செய்தால் படிவத்தில் தாஷியை விவரமாக எழுதுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு எந்த ரயில் தடம், நாய் பூனை உண்டா, இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். குளியல் வரிசைக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அதை முதல் இரவே வாய்விட்டுக் கேட்டுவிடுவது தாத்தாக்களுக்கு நல்லது.